ஆறு நாட்டுப் பேச்சு எந்த இடத்தில் நின்றது? யோங்பியோன் பற்றி ஒரு கேள்வி

தென்பொதிகை:

வட கொரியா, தென் கொரியா, அமெரிக்கா, சீனா, ஜப்பான், ரஷ்யா ஆகிய ஆறு நாடுகளும் 2003 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் உட்கார்ந்து பேசத் தொடங்கின. 2005 செப்டம்பர் 19-ல் கூட்டறிக்கை வந்தது. எல்லா அணு ஆயுதங்களையும், இருக்கிற அணுத் திட்டங்களையும் கைவிடுவதாக வட கொரியா அதில் ஒப்புக்கொண்டது. 2006 அக்டோபர் 9-ல் அதே வட கொரியா முதல் அணுச் சோதனை நடத்தியது. 2007 பிப்ரவரி 13-ல் மறுபடி உடன்பாடு. 2008 ஜூன் 27-ல் வட கொரியாவின் யோங்பியோன் அணு நிலையத்தில் கூலிங் டவரை வெடி வைத்துச் சாய்த்ததை உலகமே டிவியில் பார்த்தது. அடுத்த ஏப்ரலில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

படிக்கிற இடமெல்லாம் ‘வட கொரியா ஏமாற்றிவிட்டது’ அல்லது ‘அமெரிக்கா பேச்சு மாறிவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. எந்த வேலையை யார் எப்போது செய்வதாக இருந்தது, அதில் எது நடந்தது, வண்டி எங்கே நின்றது? ‘முடக்கம்’ என்றார்களே, உலையில் எதைத்தான் கழற்றினார்கள்? மக்காவ் வங்கி விவகாரம் நடுவில் எப்படி நுழைந்தது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வரைவு வாசகன்:

நண்பரே, கூட்டறிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். பின்னால் வந்த சண்டை பாதிக்கு விதை அந்த வாசகத்தில்தான் கிடக்கிறது.

பேச்சு நடந்தது தியாயுதாய் அரசு விருந்தினர் மாளிகையில். சீனா இடம் மட்டும் கொடுக்கவில்லை, வரைவு எழுதியதும் அதுதான். முதல் மூன்று சுற்றுக்கு வாங் யி தலைமை, நான்காவதிலிருந்து வூ தாவெய். அமெரிக்கத் தரப்பில் முதலில் ஜேம்ஸ் கெல்லி, பிறகு கிறிஸ்டோபர் ஹில். வட கொரியாவுக்குப் பெரும்பாலும் கிம் கே-குவான். நான்காம் சுற்று 2005 ஜூலை 26-ல் தொடங்கிப் பதின்மூன்று நாள் இழுத்தது. இடைவேளை விட்டு, செப்டம்பரில் மறுபடி கூடித்தான் முடித்தார்கள்.

இழுபறிக்குக் காரணம் மென்னீர் உலை. கூடங்குளத்தில் ஓடுகிறதே, அந்த வகை. அமெரிக்காவும் வட கொரியாவும் போட்ட 1994 ஜெனீவா உடன்பாட்டில் தலா 1,000 மெகாவாட்டில் இப்படி இரண்டு உலைகளை, 2003-ஐ இலக்கு ஆண்டாக வைத்து, கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டுமானத்துக்கு கெடோ என்று தனி அமைப்பு. கும்ஹோ தளத்தில் முதல் கான்கிரீட் ஊற்றியதே 2002 ஆகஸ்டில்தான். இரண்டு மாதத்தில் வட கொரியா ரகசியமாக யுரேனியச் செறிவூட்டல் (குண்டுக்கு இன்னொரு வழி) செய்கிறது என்ற குற்றச்சாட்டு வெடித்தது, 2003 டிசம்பரில் வேலை நின்றது. ஆக 2005-ல் கிம் கே-குவான் அந்த உலையை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாது. கடைசியில் போட்ட வாசகம்: வட கொரியா தனக்கு அமைதி வழி அணுசக்தி உரிமை உண்டு என்று கூறியது, மற்றவர்கள் அதற்கு மரியாதை தெரிவித்தார்கள், மென்னீர் உலை வழங்குவது பற்றி ‘உரிய நேரத்தில்’ பேசச் சம்மதித்தார்கள்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த ‘உரிய நேரம்’. ஆயுதத்தை முழுக்க ஒழித்து, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்குள் திரும்பி வந்த பிறகுதான் அந்த நேரம் வரும் என்று ஹில் அன்றைக்கே முடிவுரையில் சொல்லிவிட்டார். மறுநாள் பியோங்யாங் வெளியுறவு அமைச்சகம் நேர் எதிராக, உலை முதலில், மற்றது பிறகு என்றது. மை காய ஒரு நாள்கூட ஆகவில்லை. ‘வாக்குக்கு வாக்கு, செயலுக்குச் செயல்’ என்ற கொள்கையும் அதே அறிக்கையில் இருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கும். யார் முதல் செயல், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் அதில் இல்லை.

தேதி போட்ட முதல் தாள் 2007 பிப்ரவரி 13 உடன்பாடு. 60 நாளில் யோங்பியோனை நிறுத்தி முத்திரை வைக்க வேண்டும், அதற்கு ஈடாக 50,000 டன் எண்ணெய். அடுத்த கட்டத்துக்கு 9,50,000 டன் அளவுக்கு உதவி. ஐந்து பணிக்குழுக்கள் போட்டார்கள். அணு ஒழிப்புக்குச் சீனா, எரிசக்திக்குத் தென் கொரியா, வட்டாரப் பாதுகாப்புக்கு ரஷ்யா தலைமை. மற்ற இரண்டும் அமெரிக்காவுடனும் ஜப்பானுடனும் உறவைச் சீராக்க. 2007 அக்டோபர் 3 ஆவணம் அடுத்த படி: டிசம்பர் 31-க்குள் மூன்று நிலையங்களை முடக்கி, அணுத் திட்டங்கள் அனைத்தையும் பற்றி ‘முழுமையான, சரியான’ கணக்கு கொடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு அக்டோபர் 3 ஆவணத்தில் ஒரு வரி கிடையாது. நீங்கள் கேட்ட ‘வண்டி நின்ற இடம்’ அதுதான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்ப விவரத்தைத் தெரிந்தவர்களுக்கு விடுகிறேன்.

கிராஃபைட்:

முடக்கம் பற்றி. மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிறுத்தம் என்றால் சுவிட்சை அணைத்து முத்திரை வைப்பது. முடக்கம் என்றால் மறுபடி ஓட்ட வேண்டுமானால் பல மாத வேலை வைக்கிற மாதிரி உறுப்புகளைக் கழற்றுவது. கலைப்பு என்றால் திரும்ப முடியாதபடி பிரித்துப்போடுவது. 2007-ல் ஒப்புக்கொண்டது நடுவில் இருப்பதை மட்டும். மீட்க ஓராண்டு பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கர்களின் இலக்கு.

யோங்பியோனில் இருப்பது 5 மெகாவாட் உலை. கிராஃபைட் தணிப்பான், கார்பன் டை ஆக்சைடு குளிர்விப்பு, செறிவூட்டாத யுரேனிய உலோகம் எரிபொருள். பிரிட்டனின் பழைய மேக்னாக்ஸ் வடிவமைப்பைப் பார்த்துச் செய்தது. சுமார் 800 துளைகள், துளைக்குப் பத்துக் கோல் வீதம் மொத்தம் 8,000 எரிபொருள் கோல்கள், ஏறக்குறைய 50 டன் யுரேனியம். ஒழுங்காக ஓடினால் குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் ஆண்டுக்கு ஆறு கிலோ அளவுக்குக் கிடைக்கும். மின்சாரம் என்று பார்த்தால் பெயருக்குத்தான்.

கழற்றியது என்னென்ன என்றால்: எரிபொருள் தயாரிப்பு ஆலையில் உருக்கு உலைகள், கரைப்புத் தொட்டிகள், கடைசல் இயந்திரங்கள். எரிந்த கோல்களிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுசெயலாக்க ஆலையில் நீராவிக் குழாய்களை வெட்டினார்கள், கோல்களை உள்ளே கொண்டுபோகும் கிரேன், மேலுறை வெட்டும் கருவி ஆகியவற்றின் இணைப்பை எடுத்தார்கள். உலையில் கூலிங் டவருக்கு உள்ளே இருந்த மரச் சட்டங்களை உருவினார்கள். பெரிய வேலை 8,000 கோல்களையும் உலையிலிருந்து வெளியே எடுத்துத் தண்ணீர்க் குளத்தில் இறக்குவது. கட்டுப்பாட்டுக் கோல்களின் இயக்கக் கருவியை அது முடிந்த பிறகுதான் தொட முடியும்.

இங்கே ஒரு நுணுக்கம். கோல் எடுக்கும் வேகம் பேரத்தின் மீட்டராகிவிட்டது. எண்ணெய் வரத் தாமதமானால் ஆட்களைக் குறைப்பார்கள், நாளுக்கு எடுக்கும் எண்ணிக்கை இறங்கும். 2008 ஜூனில் நாளுக்கு 15 கோல் என்ற அளவுக்கு வந்தது. அந்த வேகத்தில் 8,000 கோலை எடுக்க ஒன்றரை வருடம் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூலிங் டவர் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அமெரிக்கா அதற்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. படம் நன்றாக வந்தது. ஆனால் உலையின் மற்ற பாகங்களோடு ஒப்பிட்டால் அது உள்ளே கூடு காலியான கான்கிரீட் தொட்டிதான். 2013-ல் உலையை மறுபடி ஓட்டியபோது டவரைக் கட்டவே இல்லை. பக்கத்தில் புது மென்னீர் உலைக்காகப் போட்டிருந்த பம்ப் நிலையத்தோடு குழாயை இணைத்து ஆற்றுத் தண்ணீரில் குளிர்வித்துக்கொண்டார்கள்.

இனி சரிபார்ப்பு. இதற்கு 1992-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு சர்வதேச அணுசக்தி முகமைக்குக் கொடுத்த முதல் கணக்கில், பழுதான கோல்களிலிருந்து 1990-ல் ஒரே ஒரு தடவை 90 கிராம் புளூட்டோனியம் பிரித்ததாக எழுதியிருந்தார்கள். ஆய்வாளர்கள் துணியால் துடைத்து எடுத்த தூசியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். புளூட்டோனியம்-241 பதினான்கு ஆண்டு அரை ஆயுளோடு அமெரிசியம்-241 ஆக மாறும். பிரித்தெடுக்கும்போது அமெரிசியம் கழுவப்பட்டுவிடும், கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடும். ஆக, ஒரு மாதிரியில் எவ்வளவு அமெரிசியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எப்போது பிரித்தது என்பது தெரிந்துவிடும். ஒன்றுக்கு மூன்று வெவ்வேறு காலம் வந்தது: 1989, 1990, 1991. இதோடு கணக்கில் காட்டாத இரண்டு கழிவு இடங்களின் செயற்கைக்கோள் படம். முகமை 1993 பிப்ரவரியில் சிறப்பு ஆய்வு கேட்டது. மார்ச் 12-ல் வட கொரியா பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்றது. விலகல் நடைமுறைக்கு வர 90 நாள் ஆகும். 89-ஆம் நாள் அமெரிக்காவுடன் பேசி நிறுத்தி வைத்தார்கள். 2003 ஜனவரியில் ‘ஒரு நாள்தானே பாக்கி’ என்று அதையே தூசு தட்டி எடுத்து வெளியேறினார்கள்.

துடைத்த தூசி என்ன சொல்லும் என்பதை அவர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். அதனால் 2008-ல் மாதிரி எடுப்பதற்கு அப்படி ஒரு எதிர்ப்பு. முக்கியமாக உலையின் கிராஃபைட். அதில் இருக்கும் போரான், டைட்டானியம் போன்ற தடய மாசுகளின் ஐசோடோப்பு விகிதம் உலை வாழ்நாளில் பட்ட நியூட்ரான் அளவுக்கு ஏற்ப மாறும். சில இடங்களில் துருவி எடுத்தால் அந்த உலை பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு புளூட்டோனியம் உண்டாக்கியது என்று கணித்துவிடலாம். வட கொரியா 2008 ஜூன் 26-ல் கொடுத்த கணக்கு 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிராஃபைட்டைக் கொடுத்தால் அந்த எண்ணில் ஒளித்து வைக்க எதுவும் மிஞ்சாது. அடிமடியில் கைவைக்கிற விஷயம்.

மே மாதம் கொடுத்த ஆவணங்கள் 18,000 பக்கத்துக்கு மேல், 1986 முதலான உலை ஏடுகள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காகிதத்தின் மேலேயே உயர்செறிவு யுரேனியத் துகள் ஒட்டியிருந்ததாக அமெரிக்கர்கள் சொன்னார்கள். புளூட்டோனியக் கணக்கைக் காட்டக் கொடுத்த தாளில் யுரேனியக் கேள்வி முளைத்தது.

கப்பல் கணக்கு:

எண்ணெயும் வங்கியும் என் பக்கம்.

முதலில் எந்த எண்ணெய். கன எரிநெய், நம்ம ஊர்த் தொழிற்சாலைகளில் ஃபர்னஸ் ஆயில் என்கிறார்களே அதுதான். பாய்லரில் எரிக்கலாம், டாங்கியிலோ விமானத்திலோ ஊற்ற முடியாது. அதனால்தான் 1994-லேயே ஆண்டுக்கு 5 லட்சம் டன் என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007-ல் மொத்தம் 10 லட்சம் டன், ஐந்து நாடுகளுக்கும் தலா 2 லட்சம். முதல் சரக்கு 6,200 டன், தென் கொரியாவின் உல்சானிலிருந்து கிளம்பி 2007 ஜூலை 14-ல் சோன்பொங் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. உலை நிறுத்தமும் அதே சமயத்தில்.

நடைமுறையில் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, வட கொரியாவிடம் சேமிப்புத் தொட்டி போதாது. மாதம் 50,000 டன்னுக்கு மேல் வாங்கி வைக்க வழி இல்லை. அதனால் ஒரு பகுதியை எண்ணெய்க்குப் பதிலாக அனல் மின் நிலையங்களைப் பழுது பார்க்கும் இரும்புத் தகடு, உபகரணம் என்று மாற்றினார்கள். இதற்கு டன்னுக்கு டன் சமம் எது என்று தனிப் பேரம். இரண்டு, ஜப்பான். தன் நாட்டவரை வட கொரியா கடத்திய பிரச்சினையில் முன்னேற்றம் இல்லாமல் ஒரு சொட்டுத் தர மாட்டோம் என்று நின்றது. ஐந்தில் ஒரு பங்கு அப்படியே தொங்கியது. 2009 தொடக்கத்தில் எண்ணெய் முக்கால் பங்கு போயிருந்தது, கோல்களில் ஐந்தில் நாலு பங்கு வெளியே வந்திருந்தது. மேலே நண்பர் சொன்ன மீட்டர் இரண்டு பக்கமும் ஓடியது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மக்காவ். பான்கோ டெல்டா ஏசியா சின்ன வங்கி. 2005 செப்டம்பர் 15-ல் அமெரிக்கக் கருவூலம் அதைப் பணச்சலவைக் கவலைக்குரியது என்று அறிவித்தது. கூட்டறிக்கைக்கு நாலு நாள் முன்னால்! பேச்சு நடத்தும் துறையும் கருவூலமும் ஒரே அரசின் இரண்டு கைகள், ஆனால் ஒரு கை செய்ததை மறு கை கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வங்கியில் ஆட்கள் வரிசை கட்டிப் பணம் எடுத்தார்கள், மக்காவ் அரசு வங்கியைத் தன் பொறுப்பில் எடுத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வட கொரியத் தொடர்புடைய கணக்குகளை முடக்கியது. மொத்தத் தொகை சுமார் 2.5 கோடி டாலர்தான். அடி அந்தத் தொகையால் விழவில்லை. மற்ற நாட்டு வங்கிகள் எல்லாம் ‘நமக்கேன் வம்பு’ என்று வட கொரியக் கணக்குகளை மூட ஆரம்பித்ததால் விழுந்தது.

2007-ல் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அமெரிக்கா சம்மதித்த பிறகுதான் பெரிய கூத்து. மார்ச் 14-ல் கருவூலம் தன் விசாரணையை முடித்து, அமெரிக்க வங்கிகள் எதுவும் டெல்டா ஏசியாவோடு தொடர்பு வைக்கக் கூடாது என்ற விதியை இறுதி செய்தது. அடுத்த வாரம் அதே பணத்தை அனுப்பச் சொன்னார்கள். எந்த வங்கி தொடும்? சீன வங்கி மறுத்தது. மார்ச் 19-ல் தொடங்கிய ஆறாம் சுற்றில் பணம் கைக்கு வராமல் பேசமாட்டேன் என்று கிம் கே-குவான் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஏப்ரல் மத்தியில் 60 நாள் கெடு தாண்டியது. கடைசியில் ஜூனில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வழியாக, ரஷ்ய மத்திய வங்கிக்கு, அங்கிருந்து ரஷ்யத் தூரக் கிழக்கில் டல்கோம்பேங்க் என்ற தனியார் வங்கியில் இருந்த வட கொரிய வெளிவணிக வங்கிக் கணக்குக்கு என்று மூன்று கை மாறிப் போய்ச் சேர்ந்தது. தடை போடுவதற்கு ஒரு கையெழுத்து போதும், எடுப்பதற்கு ஒரு மத்திய வங்கியையே கூப்பிட வேண்டியிருந்தது. பின்னாளில் ‘தடையைத் தளர்த்துகிறோம்’ என்று யார் சொன்னாலும் வட கொரியா ‘எந்த வங்கி வழியாக?’ என்று கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆமை வேகம்:

மேலே மூன்று பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ‘சரிபார்ப்பில் விழுந்தது’ என்ற முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

1994 உடன்பாட்டைப் பாருங்கள். பழைய புளூட்டோனியக் கணக்கு அப்போதும் திறக்காத பெட்டிதான். அமெரிக்கத் தரப்பில் பேசிய கலூச்சியும் வட கொரியத் தரப்பில் பேசிய காங் சோக்-ஜுவும் அதை வேண்டுமென்றே தள்ளி வைத்தார்கள். மென்னீர் உலை வேலையில் கணிசமான பகுதி முடிந்த பிறகு, முக்கிய அணு உறுப்புகள் வந்து சேருவதற்கு முன்னால் சிறப்பு ஆய்வு என்று எழுதினார்கள். பலன்? எட்டு ஆண்டு யோங்பியோனில் ஒரு கிராம் புதிய புளூட்டோனியம் பிரிக்கப்படவில்லை. பாதி கட்டியிருந்த 50 மெகாவாட், தேச்சோனில் 200 மெகாவாட் உலைகள் மழையில் நனைந்து துருப்பிடித்து, பிறகு கட்டி முடிக்கவே முடியாமல் போயின. அந்த இரண்டும் ஓடியிருந்தால் இன்றைய எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். கடந்த காலத்தைக் கிளறாமல் நிகழ்காலத்தைப் பூட்டினார்கள், அது வேலை செய்தது.

2008-ல் தலைகீழாகப் போனார்கள். 8,000 கோலை முழுக்க வெளியே எடுத்து, புதுக் கோல்கள் 14,000-க்கு மேல் கிடங்கில் கிடந்ததை வளைத்தோ வாங்கியோ தீர்த்து, முடக்கத்தை முடித்திருக்கலாம். தென் கொரியக் குழு 2009 ஜனவரியில்கூடப் போய் அந்தக் கோல்களைப் பார்த்துவிட்டு வந்தது. அதை விட்டுவிட்டு, தன் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து வட கொரியாவின் பெயரை எடுக்கச் சரிபார்ப்பு நெறிமுறை வேண்டும் என்று அமெரிக்கா, முடக்கம் என்ற இரண்டாம் கட்டத்திலேயே கலைப்பு என்ற மூன்றாம் கட்டத்து வேலையைக் கொண்டுவந்து நுழைத்தது. ஆகஸ்டில் வட கொரியா முடக்கத்தை நிறுத்தியது, செப்டம்பர் 24-க்குள் மறுசெயலாக்க ஆலை முத்திரைகள் கழன்றன. அதே ஆகஸ்டில் கிம் ஜோங்-இல் பக்கவாதத்தில் படுத்தார், அந்த நேரத்தில் அங்கே யாரும் விட்டுக்கொடுக்கத் துணிய மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராஃபைட்:

அண்ணே, வாதம் வலுவானது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. 1994-ன் பூட்டு தொங்கியது யோங்பியோன் கதவில் மட்டும். வேறு கதவு வழியாக யுரேனியம் போனது. 2010 நவம்பரில் அமெரிக்க அணு விஞ்ஞானி சீக்ஃபிரைட் ஹெக்கரைக் கூட்டிப்போய்க் காட்டினார்களே, யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்கள் சுமார் 2,000. அது இருந்தது முடக்கப்பட்ட அதே எரிபொருள் ஆலைக் கட்டடத்தில். 2009 ஏப்ரலில் ஆய்வாளர்கள் கிளம்பிய பிறகு தொடங்கியதாக அவரிடம் சொன்னார்கள். ஒன்றரை ஆண்டில் இந்த அளவு எழும்ப வேண்டுமானால் எங்கோ முன்பே பழகியிருக்க வேண்டும். ஆக, ஒரே இடத்தைப் பூட்டுகிற பாணி புளூட்டோனியத்துக்கு மட்டும் பொருந்தும்.

வரைவு வாசகன்:

நெறிமுறைப் பேச்சில் என்ன எழுதினார்கள் என்பதையும் போட்டுவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் கையில். 2008 ஜூலை 12 அறிக்கையில் சரிபார்ப்புக்கு மூன்று வழி: நிலையங்களுக்குப் போவது, ஆவணம் பார்ப்பது, தொழில்நுட்பர்களிடம் பேசுவது. நாலாவதாக ‘ஆறு தரப்பும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் பிற வழிகள்’. மாதிரி எடுப்பது இந்த நாலாவதில் ஒளிந்திருந்தது. ஒருமனதாக என்றால் வட கொரியாவுக்கும் தடுப்பு உரிமை.

அக்டோபர் தொடக்கத்தில் ஹில் பியோங்யாங் போய் அறிவியல் முறைகளுக்குச் சம்மதம் வாங்கி வந்தார். ஒரு பகுதி எழுத்தில், ஒரு பகுதி வாய்ச்சொல்லில். அதை நம்பி அக்டோபர் 11-ல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். நவம்பர் 12-ல் பியோங்யாங், ஒப்புக்கொண்டது அந்த மூன்று வழி மட்டுமே, மாதிரி என்ற பேச்சே இல்லை என்றது. டிசம்பர் 8 முதல் 11 வரை பெய்ஜிங்கில் கூடி வெறுங்கையோடு கலைந்தார்கள். ஆறு நாட்டுக் கூட்டம் அதற்குப் பிறகு நடக்கவில்லை. 2009 ஏப்ரல் 5 ராக்கெட், 13-ல் ஐ.நா. பாதுகாப்பு அவைத் தலைவர் அறிக்கை, 14-ல் ‘இனி ஒருபோதும் வரமாட்டோம்’, மே 25-ல் இரண்டாவது சோதனை.

தென்பொதிகை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்வி. ஈரானோடு 2015-ல் போட்ட உடன்பாட்டில் இந்தப் பாடங்கள் ஏறினவா? இன்றைக்கு வட கொரியாவோடு யாராவது உட்கார்ந்தால் எங்கே தொடங்குவார்கள்?

வரைவு வாசகன்:

ஏறின, நீளத்திலேயே தெரியும். 2005 கூட்டறிக்கை இரண்டே பக்கம். ஈரான் உடன்பாடு இணைப்புகளோடு 159 பக்கம். நட்டான்ஸில் 5,060 சென்ட்ரிஃபியூஜ், 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டல் கூடாது, கையிருப்பு 300 கிலோ, சந்தேக இடத்துக்கு அனுமதி தர அதிகபட்சம் 24 நாள் என்று எண் எண்ணாக இருக்கும். அராக் உலையின் உள்கலத்தில் கான்கிரீட் ஊற்றினார்கள். கூலிங் டவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஆனால் ஈரான் அப்போதும் பரவல் தடை ஒப்பந்தத்துக்குள் இருந்த நாடு, கையில் குண்டு இல்லாத நாடு. அப்படிக் கட்டிய உடன்பாட்டிலிருந்தும் 2018 மே மாதம் அமெரிக்கா வெளியேறியது. பியோங்யாங் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூரில் டிரம்பும் கிம்மும் கையெழுத்திட்ட அறிக்கையில் நாலு அம்சம், ‘சரிபார்ப்பு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 2019 பிப்ரவரி ஹனோயில் யோங்பியோனுக்கு ஈடாக 2016, 17-ல் போட்ட ஐந்து ஐ.நா. தடைத் தீர்மானங்களின் சிவில் பகுதிகளை எடுக்க வட கொரியா கேட்டது. யோங்பியோன் மட்டும் போதாது என்று அமெரிக்கா எழுந்தது.

கப்பல் கணக்கு:

தடைப் பக்கத்தில் இன்றைய நிலை: 2017 டிசம்பரின் ஐ.நா. பாதுகாப்பு அவை 2397-ஆம் தீர்மானப்படி வட கொரியாவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் சுத்திகரித்த எண்ணெய், 40 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் உச்சவரம்பு. சுத்திகரித்த எண்ணெயை விற்கிற நாடு மாதாமாதம் அவையின் தடைக் குழுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தீர்மானம் பீப்பாயில் பேசுகிறது, கணக்கு டன்னில் வருகிறது, ஒரு டன்னுக்கு எத்தனை பீப்பாய் என்பதிலேயே குழுவுக்குள் தகராறு. அதனால் வரம்பு தாண்டியதா என்று முடிவே எட்ட முடியாது. நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் மாற்றுவதைப் படம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்த நிபுணர் குழுவின் நீட்டிப்பை 2024 மார்ச் 28-ல் ரஷ்யா வீட்டோ செய்தது, ஏப்ரல் 30-ல் குழு முடிந்தது. அக்டோபரில் 11 நாடுகள் ஐ.நா.வுக்கு வெளியே தனிக் கண்காணிப்பு அணி அமைத்தன. தீர்மானங்கள் எல்லாம் அப்படியே உயிரோடு இருக்கின்றன. எழுதிப் போடுகிற கை மட்டும் போய்விட்டது.

கிராஃபைட்:

எங்கே தொடங்குவது என்றால், முதல் சிக்கல் இடங்களின் பட்டியல். 2022 செப்டம்பரில் அணு ஆயுத நிலையைச் சட்டமாக்கிவிட்டார்கள், மறு ஆண்டு அரசியல் சாசனத்திலும் சேர்த்தார்கள். அதனால் ‘ஒழிப்பு’ என்று தலைப்பு வைத்தால் எதிரே யாரும் வந்து உட்கார மாட்டார்கள். உறைநிலை என்று தொடங்கினால் எதை உறைய வைப்பது? புளூட்டோனிய உலை ஓடினால் வெப்பம் தெரியும், தண்ணீர் வெளியேறுவது தெரியும், மேலிருந்தே பிடிக்கலாம். சென்ட்ரிஃபியூஜ் கூடம் வெளியே பார்க்கச் சாதாரணக் கிடங்கு. பியோங்யாங் அருகே காங்சோன் வளாகம் செறிவூட்டல் நிலையத்தின் அமைப்பை ஒத்திருக்கிறது என்று முகமை சொல்கிறது. 2024 செப்டம்பரில் கிம் ஒரு செறிவூட்டல் கூடத்தைச் சுற்றிப் பார்க்கும் படத்தை அவர்களே வெளியிட்டார்கள், இடத்தின் பெயர் போடாமல்.

ஆமை வேகம் அண்ணன் சொன்ன 1994 வழியை எடுத்தால்கூட, முதல் தாளில் நான் கேட்பது ஒன்றுதான்: சென்ட்ரிஃபியூஜ் சுழலிக்கு வேண்டிய உயர்வலு அலுமினியம், மாரேஜிங் எஃகு எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை சுழலி செய்தார்கள் என்ற தயாரிப்புப் பதிவேடு. கட்டடத்தை மறைக்கலாம், சுழலி எண்ணிக்கை கிடைத்துவிட்டால் எத்தனை கட்டடம் இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கு வரும். 2008-ல் உலை ஏடு 18,000 பக்கம் கொடுத்தவர்கள் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம்கூடக் கொடுக்கவில்லை.